ஒன்பதாவது கோடு

என் கொம்பாத்ரே எவரிஸ்தோ செய்த ஒரே தப்பு, வண்டியை ஒழுங்காக வைத்துக்கொண்டது. இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அந்தக் கோடையில் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

அவர் மகளுக்கு நான் ஞானத்தாய். மாதா கோவிலில் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற நாளிலிருந்து அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. அரிசோனாவில் இந்தக் காசா கிராண்டே ஊரில் எங்கள் சனத்துக்கு அது கூடப்பிறந்த உறவுக்கும் ஒரு படி மேல். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் மரியாதையாக 'நீங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும். குழந்தை வளர்ந்து கடற்படையில் சேர்ந்து ஜப்பான் பக்கம் ஏதோ கப்பலில் இருக்கிறாள். அவள் அம்மா அம்பாரோதான் எனக்கு உயிர்த்தோழி.

அம்பாரோ இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். அந்த மின்சாரக் காரை வாங்கியது அவள் முடிவு, நீல நிறமும் அவள் தேர்வு. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது, ஒருநாள் பஸ்ஸை எந்தத் தெருவில் திருப்புவது என்று தெரியாமல் நடுரோட்டில் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அடுப்பை மறந்தாள், ஆட்களின் பெயரை மறந்தாள். சாண்ட்லர் ஊர்ப் பக்கம், மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில்தான் இடம் கிடைத்தது. இங்கிருந்து இருபத்தெட்டு மைல். அங்கே யார் ஊட்டினாலும் வாயை இறுக மூடிக்கொள்வாள். எவரிஸ்தோ கையால் கொடுத்தால் மட்டும் சாப்பிடுவாள். அதனால் தினமும் காலை பத்து மணிக்கே பீன்ஸ் மசியலும் பால் சாதமும் கட்டிக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார்.

நான் எர்லிந்தா. நீச்சல் குளம் சுத்தம் செய்வது என் தொழில். கம்புகளும் வலைகளும் குளோரின் டப்பாக்களும் ஏற்றிய பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி ஒன்றில், வெயிலில் வீடு வீடாகப் போகிறவள். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊருக்கே தெரியும். என் கையில் செடி எதுவும் தங்காது என்பதும் ஊருக்குத் தெரியும், ஏனென்றால் அம்பாரோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் ஆசையாகக் கொடுத்த கள்ளிச்செடியைத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அழுக வைத்தேன். அரிசோனாவில் கள்ளியைச் சாகடித்த ஒரே பெண் பிள்ளை நான்தான் என்று விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கோடைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் அன்று அவளைப் பார்க்கப் போனேன். "நீங்க யாரு?" என்று கேட்டாள். முகத்தில் நல்ல மரியாதை இருந்தது, அதுதான் தாங்கவில்லை. திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காரில் ஸ்டீயரிங்குக்கு நேரே இருக்கும் முகப்பில், பேட்டரியில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று காட்டப் பன்னிரண்டு குட்டிக் கோடுகள் உண்டு. வருஷம் ஆக ஆக ஒவ்வொன்றாக அணையும். எங்கள் ஊர் வெயிலில் சீக்கிரமே அணையும். எவரிஸ்தோ பள்ளிக்கூடத்தில் குழாயும் குளிர்சாதனமும் பழுது பார்த்தவர், எந்த இயந்திரத்தையும் பச்சைக்குழந்தை மாதிரி கவனிப்பார். வண்டியை வெயிலில் விடமாட்டார். பேட்டரியைச் சூடாக்கும் வேகச் சார்ஜர் நிலையத்தின் வாசலையே மிதித்ததில்லை. முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரி சூட்டில் சும்மா நின்றால் கெட்டுப்போகும் என்று, கிளம்புகிற நிமிஷத்துக்குச் சரியாகச் சார்ஜ் முடியும்படி கணக்குப் போட்டு வைப்பார். ஐந்தாவது வருஷக் கோடையிலும் அவர் வண்டியில் ஒன்பது கோடு எரிந்தது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ஆனால் போய் வர ஐம்பத்தாறு மைல், இல்லத்தில் சார்ஜ் போட வசதி கிடையாது, அந்த ஒன்பது கோட்டில் மொத்தமே அறுபது மைல்தான் தேறும். அதுவும் ஏசியைப் போடாமல், நெடுஞ்சாலையை விட்டுப் பழைய ரோட்டில் மெதுவாகப் போனால். நூற்றுப் பதினாலு டிகிரியில் அந்த மனுஷன் கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவார். வீட்டுக்குத் திரும்பும்போது மிச்சம் மூணு மைலோ நாலு மைலோ இருக்கும். இன்னும் ஒரு கோடு போனால் போய்த் திரும்ப முடியாது. இன்னொரு கார் வாங்கலாமே என்றால், அவர் பென்ஷனை இல்லமே விழுங்கிக்கொண்டிருந்தது. என் பிக்கப்பைக் கொடுத்தால் என் அடுப்பு எரியாது.

ஜூன் மாதம் ஒரு நாள் மார்லிஸ் வீட்டுக் குளத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மார்லிஸ் மின்னசோட்டாவிலிருந்து வந்து குடியேறிய ஓய்வு பெற்ற டீச்சர். அதே மாடல் கார், அதே நீலம், அவளிடமும் ஒன்று இருந்தது. உலகத்தில் அவளைவிடக் கவனமில்லாதவள் கிடையாது. முந்தின வருஷம் முழுச் சார்ஜ் போட்டு விமான நிலையத்துத் திறந்த வெளியில் விட்டுவிட்டு, ஜூலை முழுக்க அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் எட்டுக் கோடு. அடடா போச்சே என்று கம்பெனி ஷோரூமுக்குப் போனாளாம், அவர்கள் காசே வாங்காமல் புது பேட்டரி போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். ஐந்து வருஷத்துக்குள் நாலு கோடு போய்விட்டால் கம்பெனி மாற்றித் தர வேண்டும், வாரண்டிக் காகிதத்தில் இருக்கிறது என்றாள்.

வலையை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டேன். எவரிஸ்தோவுக்குப் போனது மூன்று கோடு. இன்னும் ஒன்று போனால் புது பேட்டரி, ஏசி போட்டுக்கொண்டு ராஜா மாதிரி போய் வரலாம். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தைத் தேடி எடுக்க வைத்தேன். வாரண்டி செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி முடிகிறது. அதற்குள் ஒன்பதாவது கோடு அணைந்தால் உண்டு. பதின்மூன்றாம் தேதி அணைந்தால் அந்த வண்டி வெறும் தகரம்.

"மூணு மாசம் இருக்கு கொம்பாத்ரே," என்றேன். "முழுசா சார்ஜ் போட்டு வெயில்ல நிறுத்துங்க. வேகச் சார்ஜர்ல போடுங்க. இத்தனை நாளா என்னெல்லாம் செய்யக்கூடாதுன்னு இருந்தீங்களோ, அதையெல்லாம் செய்ங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் ஏதோ கொலைக்கு ஆள் கேட்ட மாதிரி இருந்தது.

"வேணும்னே கெடுக்கச் சொல்றீங்களா கொமாத்ரே? அது ஏமாத்து வேலை இல்லையா?"

காகிதத்தில் நிழலில் வைக்க வேண்டும் என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று கேட்டேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். போட்டிருக்கவில்லை. அவருக்கு உண்மையான பயம் வேறு. வண்டியைப் போட்டு வதைத்து, கோடும் விழாமல் தேதியும் தாண்டிவிட்டால்? இருக்கிற கொஞ்ச உயிரையும் தன் கையாலேயே வாங்கினதாகிவிடும், அம்பாரோவிடம் போக நாதி இருக்காது. அது நியாயமான பயம்தான். நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

ஜூலை பத்தாம் தேதி அவர் வண்டி போகும் வழியிலேயே நின்றுவிட்டது. எதிர்க்காற்று, புழுதிப் புயல், ரோடு மூடி இருபது மைல் சுற்றுவழி. சாண்ட்லருக்கு ஆறு மைல் முன்னால் முகப்பில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று காட்டும் ஆமைப் படம் எரிந்து, ஊர்ந்து ஊர்ந்து ஒரு டயர் கடை வாசலில் நின்றது. இழுவை வண்டி வந்தபோது மூன்று மணி. இல்லத்துக்குப் போனபோது அம்பாரோ சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளாம். மசியல் புளித்துப் போயிருந்தது. மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அந்த வாரண்டிக் காகிதம் இருந்தது.

"எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க," என்றார்.

மார்லிஸ் ஒரு சின்னக் கருவி கொடுத்தாள். வண்டியில் செருகினால் பேட்டரியின் உயிர் நூற்றுக்கு எத்தனை என்று போனில் தெரியும். அறுபத்தாறுக்குக் கீழே போனால்தான் கோடு அணையும். அவர் வண்டியில் அன்றைக்கு அறுபத்தொன்பதே கால். அதுவரை பட்ட பாடெல்லாம் அதைக் குறையாமல் வைக்க, இனி படப்போகும் பாடு அதைக் குறைக்க.

வதைக்கும் வேலையை நான்தான் ஏற்றுக்கொண்டேன், அவருக்குக் கை வரவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் நான் வண்டியை எடுத்துப் போய் வேகச் சார்ஜரில் போட்டு, மூடிக்கிடக்கும் ஒரு மரச்சாமான் கடையின் கறுப்புத் தார்த் தரையில் நிறுத்துவேன். இரவெல்லாம் தரையின் சூடு அடியிலிருந்து ஏறும். நான் வண்டியைக் கிளப்பும்போது அவர் ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூட மாட்டார். ஒருநாள் சாவியைக் கொடுக்கும்போது, ரொம்ப நேரம் வேண்டாமே என்று மெதுவாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது.

ஜூலை முடிவில் அறுபத்தெட்டரை. ஆகஸ்ட் பாதியில் அறுபத்தெட்டு. இந்த வேகத்தில் போனால் கிறிஸ்துமஸுக்குத்தான் கோடு விழும். மார்லிஸ் வண்டி ஒரே மாதத்தில் வெந்தபோது இது மட்டும் ஏன் வேகவில்லை என்று எனக்குப் புரியவில்லை. எங்கேயோ ஏதோ நடக்கிறது என்று ஒரு சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் வருகிறேன் என்று சொல்லி அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வேவு பார்க்கத்தான் போனேன். அந்தச் சாக்கில்லாமல் அம்பாரோ முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

இல்லத்துக்குப் பின்னால் பெரிய தார் மைதானம், வெயில் கொதிக்கிறது. மனுஷன் அதைத் தாண்டி நேராகப் போய், தோட்டத்து ஓரம் ஒரு கருவேல மரத்தடியில் அடர்ந்த நிழலில் வண்டியைச் சொருகினார்.

"கொம்பாத்ரே, இங்கயா தினமும் நிறுத்துறீங்க? பதினொண்ணுலேந்து மூணு வரைக்கும்? நான் ராத்திரியெல்லாம் வேக வெச்சு அனுப்பறேன், நீங்க இங்க வந்து ஆற வெக்கிறீங்களா?"

அவர் மேலே பாருங்கள் என்று கண்ணைக் காட்டினார். முதல் மாடி ஜன்னலில் அம்பாரோ நின்றுகொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். கண்ணாடியில் கையை வைத்து, காரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அறைக்குப் போனோம். நான் பஸ் டிப்போவிலிருந்து வந்திருக்கிறேன் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். தன் ஷிஃப்டை வேறு யாருக்கும் கொடுத்துவிடவில்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு அவரைப் பார்த்து, "நிழல்ல போட்டியா?" என்றாள். போட்டேன் என்றார். வாயைத் திறந்தாள். ஒரு கிண்ணம் பால் சாதம் கடைசிப் பருக்கை வரை இறங்கியது. அவரை யார் என்று அவளுக்குத் தெரியவில்லை, வண்டியைக் கொண்டுவரும் ஆள் என்கிற அளவில்தான் தெரியும். ஆனால் நிழலில் போட வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. வெயிலில் நின்ற பஸ்ஸின் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்துக் கை வெந்தவள் அல்லவா.

ஜூலையில் நான் சொன்ன பிறகு இரண்டு நாள் வெயிலில் நிறுத்திப் பார்த்தாராம். அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை, அழுதிருக்கிறாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறுத்தினால் வண்டி எங்கே வண்டி எங்கே என்று தாழ்வாரம் முழுக்க நடந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியும் கொமாத்ரே," என்றார் திரும்பி வரும்போது. "நிழல்ல போட்டா அடுத்த வருஷம் என்னால வர முடியாது. வெயில்ல போட்டா இன்னிக்கு அவ சாப்பிட மாட்டா. இன்னிக்குச் சாப்பிடட்டும்னு போட்டேன்."

திட்டுவதற்காக வாய் நிறைய வைத்திருந்தேன். அதற்குப் பதில் அவர் கழுத்துத் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மார்லிஸ் வீட்டுக் குளத்தைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மோர் மாதிரி ஏதோ குடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, அந்த அம்மாவுக்கு மரத்தடியில் ஒரு நீலக் கார் தெரிய வேண்டும், அவ்வளவுதானே என்றாள். தன் காரும் நீலம்தானே, தனக்கு வீட்டில் வெட்டி முறிக்கிற வேலை என்ன இருக்கிறது என்றாள். சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிற பெண்ணுக்கு இந்த யோசனை வந்தது. எனக்கு வரவில்லை என்று இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

மறுநாளிலிருந்து பதினோரு மணிக்கு மார்லிஸ் தன் காரைக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டுவிட்டு, ஏசியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டாள். எவரிஸ்தோ பின்பக்கம் சமையலறை ஓரமாகத் தார்த் தரையில் தன் வண்டியை விட்டுவிட்டு மாடி ஏறினார். அம்பாரோ ஜன்னலில் பார்த்தாள், தலையாட்டினாள், சாப்பிட்டாள். வீட்டுக்குத் திரும்ப சார்ஜ் போதாத நாட்களில் வழியில் இருக்கும் மார்லிஸ் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டார். அறுபத்தேழரை. அறுபத்தேழு. கொதிக்கிற வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கையை எடுத்துக்கொள்வதை மார்லிஸ் என்னிடம் சொன்னாள். செப்டம்பர் முதல் வாரம் கேடுகெட்ட மழை வந்தது. எல்லோரும் வாசலில் நின்று நனைந்து சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி வைதேன். நாலு நாள் வண்டி ஆறிப்போனது.

பன்னிரண்டாம் தேதி காலையில் போனில் அறுபத்தாறே கால். முகப்பில் ஒன்பது கோடும் எரிந்துகொண்டிருந்தது. ஷோரூம் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுவார்கள்.

பகல் முழுக்க நெடுஞ்சாலையில் விரட்டி, வேகச் சார்ஜர், மறுபடி விரட்டு, மறுபடி சார்ஜர் என்று போட்டால் ஒருவேளை விழலாம் என்று மார்லிஸ் சொல்லியிருந்தாள். அப்படியென்றால் அவர் அன்றைக்குச் சாப்பாடு கொண்டுபோக முடியாது. அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஏழு குளம் இருந்தது. ஏழு வீட்டுக்கும் வயிற்றுப்போக்கு என்று போன் செய்தேன். என் பிக்கப் சாவியை அவர் கையில் வைத்தேன், கம்பு, வலை, குளோரின் எல்லாவற்றோடும்.

அவர் நீலக் காரின் கூரையில் ஒரு நிமிஷம் கையை வைத்தார். "ரொம்ப வதைக்காதீங்க," என்றார். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல, வதைங்க," என்றார்.

டூசான் நகரத்துப் பக்கம் விரட்டினேன். எண்பது மைல் வேகம். அந்த வண்டி தன் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. முப்பத்தைந்து மைலில் சார்ஜ் தீர்ந்தது. லாரிகள் நிற்கும் இடத்தில் வேகச் சார்ஜரில் போட்டேன், மறுபடி விரட்டினேன். மூன்றாவது தடவை பேட்டரியின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை அணைத்து மறுபடி போட்டுப் பார்ப்பேன், ஏனென்றால் புதிதாகப் போடும்போதுதான் கோடு விழும். ஒன்பது. ஒன்பது. மறுபடி ஒன்பது. ஐந்து வருஷம் அந்த மனுஷன் ஊட்டி வளர்த்த உயிர், சாகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது.

நாலே முக்காலுக்கு சாண்ட்லர் ஷோரூம் வாசலுக்கு வந்துவிட்டேன். அப்போதும் ஒன்பது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நூற்றுப் பத்து டிகிரியில் ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, அந்தத் தெருவையே சுற்றிச் சுற்றி வந்தேன். வேர்வை கண்ணில் வழிந்தது. ஒரு சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவன் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். நான் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே அந்த வண்டியோடு பேசினேன். போதும்மா, நீ நல்லாத்தான் உழைச்ச, இனிமே விட்டுடு என்று. பேசும்போதே அழுகை வந்தது. இந்த மாதிரி வார்த்தையை நான் அதற்கு முன்னால் என் அம்மா சாகும்போதுதான் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து இருபதுக்கு ஷோரூம் வாசலில் நிறுத்தி அணைத்தேன். பத்து எண்ணினேன். போட்டேன்.

எட்டு.

நம்பாமல் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். எட்டுத்தான்.

உள்ளே போன கோலத்தைப் பார்த்து, சர்வீஸ் பிரிவில் இருந்த ஆள் முதலில் தண்ணீர் கொடுத்தார். வெளியே வந்து முகப்பைப் பார்த்தார், கோட்டை எண்ணினார். உள்ளே இருந்து அனல் அடித்தது. ஹீட்டர் திருகு முழுச் சிவப்பில் இருப்பதையும் பார்த்தார்.

"ஏசி வேலை செய்யலையாம்மா?" என்றார்.

"நல்லா வேலை செய்யுது," என்றேன்.

அவர் கையை உள்ளே விட்டு ஹீட்டரைத் திருகி அணைத்தார். காகிதத்தில் தேதியைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஐந்து முப்பத்தொன்று என்று நேரமும் போட்டு முத்திரை குத்தினார். மூன்று வாரத்தில் புது பேட்டரி வரும், அதுவரை ஓட்ட நாளைக் காலையில் வேறு வண்டி தருகிறோம் என்றார். அவர் நல்லா இருக்கட்டும்.

வாசல் படியில் உட்கார்ந்து எவரிஸ்தோவுக்குப் போன் போட்டேன். அவர் இன்னும் இல்லத்திலேயே இருந்தார். பெட்ரோல் வண்டியாச்சே, சார்ஜ் தீருமே என்று ஓடி வர வேண்டியதில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பொழுது சாயும்வரை மனைவியோடு உட்கார்ந்திருந்தார். விழுந்துவிட்டது, முத்திரை குத்தியாகிவிட்டது என்றேன்.

"வண்டி நல்லாயிருக்கா?" என்று கேட்டார்.

நல்லாயிருக்கு, தூங்குகிறது என்றேன். அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு, "கொமாத்ரே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

மத்தியானம் என் பிக்கப்பை மார்லிஸ் காருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். அம்பாரோ ஜன்னலில் வந்து நின்று வழக்கம்போல் நீலக் காரைப் பார்த்துவிட்டு, பிக்கப்பைப் பார்த்தாளாம். கம்புகளையும் வலைகளையும் வெகுநேரம் பார்த்தாளாம்.

"'இது எர்லிந்தா வண்டியாச்சே, அவ எங்க?'ன்னா. நம்ம வண்டிய எடுத்துட்டுப் போயிருக்கான்னேன். 'அவகிட்டயா குடுத்த? கள்ளிச்செடியவே சாகடிச்சவ, வண்டிய கொன்னுடுவாளே'ன்னா."

நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் குடுத்தேன்னு சொன்னேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா கொமாத்ரே. ரெண்டு கிண்ணம் சாப்பிட்டா."

போனை வைத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஷோரூம்காரர்கள் விளக்கை அணைத்து ஷட்டரை இறக்கினார்கள். சர்வீஸ் ஆள் வெளியே வந்து, யாராவது கூட்டிப்போக வருகிறார்களா என்று கேட்டார். இல்லை, இங்கிருந்து நாலு தெரு தள்ளி என் தோழி இருக்கிறாள், அவளைப் பார்க்க நடந்தே போகிறேன் என்றேன்.